சிக்னல் எரியவில்லையா, முதலில் எர்த்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், ரங்கூனில் வண்டி ஓட்டுகிறவர்கள் சிக்னல் போடாமலே திரும்புகிறார்கள், அடுத்தவன் உயிரைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திரும்புகிற ஆள் சிக்னல் போட்டிருப்பார். அவர் முன்னால் பச்சை அம்பு மினுக்கும், டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். பின்னால் மட்டும் விளக்கு எரிந்திருக்காது. அது அவருக்கே தெரியாது. எனக்கும் அப்படித்தான் தெரியாமல் இருந்தது.

நான் ரங்கூன் பக்கத்தில் தன்லினில் இருக்கிறேன். எங்கள் பெரியவர்கள் வாயில் அது இன்னும் சிரியம்தான். 18 வருஷமாகப் பள்ளிக்கூடப் பெர்ரி, அதாவது பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், ஓட்டுகிறேன். வண்டி ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த பழைய வேன். காலையில் 11 பிள்ளைகள், சாயங்காலம் அதே 11 பிள்ளைகள்.

போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. பீலிக்கான் கோயில் பக்கம் போகும் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பிள்ளையை இறக்கிவிட இடது பக்கம் ஒரு சந்துக்குள் திரும்ப வேண்டும். ஹெட்லைட் எரிகிறது. இடது சிக்னலைப் போட்டேன், ப்ரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்தேன், கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த நொடி இடது கதவை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கிக்கொண்டு நின்றது. ஓட்டிவந்தவர் பர்மாக்காரர், பின்னால் மனைவி, நடுவில் கைக்குழந்தை. யாருக்கும் அடி இல்லை. அவர் திட்டவில்லை. மழையில் நனைந்துகொண்டே என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, உங்கள் சிக்னல் எரியவே இல்லை" என்று மட்டும் சொன்னார். நான் போட்டேனே என்றேன். டிக் டிக் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வழக்கத்தை விடக் கொஞ்சம் வேகமாகக் கேட்டது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நம் பர்மாவில் இந்த விளக்கு மற்ற ஊர்களை விட முக்கியம். 1970 டிசம்பர் 6ஆம் தேதி வரை இங்கே இடது பக்கம்தான் ஓட்டினார்கள். அன்று முதல் வலது பக்கம் என்று ஆனது. என் அப்பா அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். "ரோடு ஒரே ராத்திரியில் மாறிவிட்டது, ஸ்டியரிங் மாறவில்லை" என்பார். ஜப்பானில் இடது பக்கம் ஓட்டுவதால் அங்கிருந்து வந்த வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் வலது பக்கம். ஆக டிரைவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நடுரோடு அவருக்கு ஒரு சீட் தள்ளி இருக்கிறது. இடது பக்கம் ஏறி வருகிறவனை அவர் சரியாகப் பார்க்க முடியாது. பஸ்ஸிலும் பிக்கப்பிலும் ஸ்பேர் என்கிற உதவிப் பையன் கதவில் தொங்கிக்கொண்டு குரல் கொடுப்பான். என் வண்டியில் ஸ்பேர் கிடையாது. பின்னால் வருகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அந்த மஞ்சள் விளக்குதான்.

மறுநாள் காலை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. சிக்னல் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன், எரிந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் எரிந்தது. சிக்னலை மினுக்க வைக்கும் ப்ளாஷர் வீக் என்று சொல்லிப் புதுசு மாட்டினார்கள். இரண்டு நாள் கழித்து மழையில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் போய்விட்டது என்று அதையும் மாற்றினார்கள். இரண்டு பில்லும் சேர்ந்து அரை மாதப் பெர்ரிக் காசைத் தின்றுவிட்டது. விளக்கு மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நானே உட்கார்ந்தேன். பத்தாவது படிக்கும் என் மகளைப் பின்னால் நிற்க வைத்தேன். உள்ளே நான் ஒவ்வொன்றாகப் போடுவேன், அவள் பார்த்துச் சொல்வாள். இடது சிக்னல் மட்டும் போட்டேன். "எரியுதுப்பா, வலது பக்கத்தை விட மங்கலா இருக்கு. கூடவே சிவப்பு லைட்டும் லேசா மினுக்குது." பார்க் லைட் போட்டேன். "இன்னும் மங்கிருச்சு." ப்ரேக்கை மிதித்தேன். "அப்பா, இந்தப் பக்கம் மொத்தமும் செத்துப்போச்சு!"

எனக்கு உடம்பு ஒரு தரம் சில்லிட்டது. மழைச் சாயங்காலத்தில் ஹெட்லைட் எரியும்போது, ப்ரேக் மிதித்துத் திரும்பும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் இது அணைகிறது. பகலில், லைட்டும் ப்ரேக்கும் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் எரியத்தான் செய்யும். அவர்களும் ப்ரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை.

காரணம் எர்த். விளக்குக்குக் கரண்டு வயரில் வருகிறது, திரும்பிப் போவது வண்டியின் உடம்பு வழியாக. பின்பக்க விளக்குக் கூட்டில் சிக்னல், பார்க், ப்ரேக் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எர்த் வயர், அது ஒரு ஸ்க்ரூவில் உடம்போடு பிடிக்கப்பட்டிருக்கும். திருவிழா முடிந்து கூட்டமெல்லாம் ஒரே வாசல் வழியாக வெளியேறுவது போல. வாசல் பாதி அடைபட்டால் பத்துப் பேர் எப்படியோ போய்விடுவார்கள், நூறு பேர் வந்தால் அப்படியே நின்றுவிடும். சிக்னல் மட்டும் எரிந்தால் ஏதோ சமாளிக்கும். மற்றதும் சேர்ந்தால் எதுவும் எரியாது. போக வழி தெரியாத கரண்டு பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிப் போகப் பார்ப்பதால்தான் சிவப்பு விளக்கும் கூடவே மினுக்கியது. ஒன்றைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மினுக்கினால் வேறெதையும் தேட வேண்டாம், எர்த்தைத்தான் தேட வேண்டும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை பல்பு ஹோல்டரின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து அழுத்தினேன். விளக்கு பளீர் என்று எரிந்தது. மகள் கை தட்டினாள்.

உள்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால், அந்த ஸ்க்ரூவின் தலை துருவேறி வீங்கியிருக்கிறது, வயர் நுனியில் இருக்கும் வளையத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கிறது. பழைய பித்தளைக் குத்துவிளக்கைக் கவனிக்காமல் விட்டால் பூக்குமே, அதே களிம்பு. ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, மே மாதத்தில் பிடித்தால் அக்டோபர் வரை. விளக்குக் கூட்டின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் தண்ணீர் நேராக அங்கேதான் வடிகிறது. ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் பளபளவென்று இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். பக்கத்து வீட்டுக்காரர் புளி போட்டுத் துலக்கச் சொன்னார். அது வேண்டாம். புளிப்பு வயரின் இடுக்கில் தங்கிவிட்டால் மறுபடி அரிக்கும். மொத்த வேலைக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. இன்று வரை அந்த விளக்கு அணையவில்லை.

இதை எழுதும்போது ஒர்க்‌ஷாப்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டம் நிற்கும்போது பொறுமையாகப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடையாது. நமக்கு இருக்கிறது. வண்டியை வெட்டிக் கிழிக்காமல் வாசலில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இது. ஆகையால் நான் செய்துபார்த்துத் தெரிந்துகொண்டதை மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

எடுத்தவுடன் நான்கு விளக்கையும் சேர்த்து மினுக்கும் ஹஸார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதில் நான்கும் ஒழுங்காக மினுக்கினால் பல்பு, எர்த், பின்னால் போகும் வயர் எல்லாம் பெரும்பாலும் சரி. அப்படியிருந்தும் இடம் வலம் வேலை செய்யவில்லை என்றால் சிக்னலுக்குத் தனியாக இருக்கும் பியூஸ், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச். பல பழைய ஜப்பான் வண்டிகளில் சிக்னலுக்குப் போகும் கரண்டு ஹஸார்ட் பட்டனுக்குள் நுழைந்துதான் போகிறது. அந்தப் பட்டனை மாதக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்தால் உள்ளே அழுக்குப் பிடித்து சிக்னல் நின்றுவிடும். பட்டனைப் பத்து இருபது தடவை அழுத்தி எடுத்தால் உயிர் வந்துவிடும். வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது, பிறகு பட்டனை மாற்றிக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் ஒன்றும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் பியூஸ்கள், அதற்கு அடுத்தது ப்ளாஷர். ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக நிமிஷத்துக்கு 60இலிருந்து 120 தடவைக்குள் மினுக்க வேண்டும். 21 வாட் பல்பு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் போல இழுக்கும். ஒன்று போனால் இழுப்பு பாதியாகும், ப்ளாஷர் அதைக் கண்டுகொண்டு வேகமாக அடித்து டிரைவருக்குச் சொல்கிறது. மிகப் பழைய வண்டிகளில் சூடேறி வளையும் தகடு போட்ட ப்ளாஷர் இருக்கும். அதில் தலைகீழ். பல்பு போனால் மெதுவாகும், அல்லது மினுக்காமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும்.

பல்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடி கறுத்திருக்கும். சந்தேகமாக இருந்தால், கரண்டு போகும்போது வெளிச்சத்துக்காக வீட்டில் வைத்திருக்கிறோமே 12 வோல்ட் பேட்டரி, அதில் இரண்டு வயர் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். பல்பு நன்றாக இருந்தும் வண்டியில் எரியவில்லை என்றால் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நாக்கு களிம்பேறியோ அமுங்கியோ கிடக்கும். சுரண்டிவிட்டு மரக்குச்சியால் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும். இதைச் செய்யும்போது சாவி ஆப் ஆகியிருக்கட்டும். வாங்கும்போது பழைய பல்பைக் கையோடு எடுத்துப்போய் அடிப்பாகத்தை ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் பூச்சு உரிந்து வெள்ளையாக எரியும் பல்பையும் மாற்றிவிட வேண்டும். வெயிலில் அது கண்ணில் படாது.

கரண்டு வருகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், ஒரு முதலைக் கிளிப். கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஹோல்டரின் நாக்கைத் தொட்டால் சிக்னலோடு சேர்ந்து அதுவும் மினுக்க வேண்டும். கிளிப்பைப் பாசிட்டிவுக்கு மாற்றிவிட்டு, லைட்டைப் போட்டு ப்ரேக்கையும் மிதித்திருக்கும்போது எர்த் முனையைத் தொட்டால் நன்றாக எரிய வேண்டும், மங்கினால் எர்த் கெட்டிருக்கிறது. இந்த இரண்டாவது சோதனையை ஒர்க்‌ஷாப்பில் செய்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும். ப்ளாஷர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் ஹஸார்டைப் போட்டுவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். டிக் டிக் என்று விரலுக்குத் துடிப்பு தெரியும் சின்னப் பெட்டிதான் அது.

பியூஸ் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை ஏற்றும் வண்டியிலேயே, எரிந்துபோன பியூஸில் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு பியூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால் பியூஸ் போகாமல் நிற்கும், அதற்குப் பதில் வயர் எரியும். அதுவும் சீட்டுக்கு அடியிலோ கூரைத் துணிக்குள்ளோ எரியும். பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ வயர் தோல் உரிந்து உடம்பில் உரசுகிறது. பின்கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாய், பின்னால் சேர்த்த கூடுதல் விளக்குகளின் முடிச்சு, இந்த இரண்டு இடத்தையும் முதலில் பாருங்கள். என் வண்டியின் பியூஸ் மூடியில் எழுதியிருப்பதெல்லாம் ஜப்பான் எழுத்து. மகள் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். "சிக்னல்", "ஹஸார்ட்", "ப்ரேக்" என்று அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. கோயில் வகுப்பில் அவள் கற்ற தமிழ் அது.

இளைஞர்கள் இப்போது எல்ஈடி பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டியவுடன் சிக்னல் படபடவென்று அடிக்கிறது, வண்டி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. எல்ஈடி இழுப்பது கொஞ்சம்தான், ஆகவே பல்பு போய்விட்டது என்று ப்ளாஷர் நினைத்துக்கொள்கிறது. ப்ளாஷர் தனியாக இருக்கும் வண்டி என்றால் எல்ஈடிக்கான ப்ளாஷரை வாங்கி மாட்டலாம். கூடுதல் கரண்டு இழுப்பதற்காக வயருக்குக் குறுக்கே ரெசிஸ்டர் வைப்பதாக இருந்தால் அதை இரும்புத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு வையுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகிவிடும். என்னைக் கேட்டால் பழைய வண்டிக்குப் பழைய பல்பே நல்லது. ஒன்று போனால் உடனே சத்தத்தில் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் கை வைக்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. ஸ்டியரிங்குக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது, அதைத் தொடவே கூடாது. புது மாதிரி வண்டிகளில் சிக்னலைக் கம்ப்யூட்டர் பெட்டியே நடத்துகிறது. நான் சொன்ன பல்புச் சோதனையை அந்தப் பெட்டியின் வயர்களில் செய்தால் பெட்டியே போய்விடலாம். அங்கே பல்பையும் பியூஸையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. கனமழையில் சிலர் ஹஸார்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். எச்சரிக்கை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் நான்கும் மினுக்கும்போது இடம் வலம் காட்ட வழியில்லை. திரும்பப் போகிறாரா, நேராகப் போகிறாரா என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? மழையில் ஹெட்லைட் போதும். நிற்கும்போது ஹஸார்டைப் போடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டியோடு வரும் புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் பேச்சு பர்மியத்தில் நடக்கிறது. தமிழில் இதைப் படிக்க எங்களுக்கு ஒரு பக்கம் கூடக் கிடைப்பதில்லை. மே மாதம் மழை தொடங்குவதற்கு முன்னால் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கினால் வைப்பர், ப்ரேக், டயர், பேட்டரி என்று அனுபவப்பட்ட டிரைவர்களும் மெக்கானிக்குகளும் எழுதுவார்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பவும் தயார்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் மகள் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். லைட்டைப் போட்டு, ப்ரேக்கை மிதித்துக்கொண்டே இடம், வலம் இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பள்ளிக்கூடப் பெர்ரி ஓட்டுநர்,
தன்லின்.